நான்கு மீட்டர் காரின் பாதுகாப்பு: ஏர்பேக்கை எண்ணுவதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை

2014 ஜனவரி கடைசியில், கார்களை மோதவிட்டு ஐந்து நட்சத்திரம் வரை மதிப்பிடும் குளோபல் என்கேப் அமைப்பு ஐந்து இந்தியச் சின்னக் கார்களின் மோதல் சோதனை முடிவை வெளியிட்டது. மாருதி ஆல்டோ 800, டாடா நானோ, ஹூண்டாய் ஐ10, ஃபோர்டு ஃபிகோ, ஃபோக்ஸ்வேகன் போலோ. ஐந்திலும் ஏர்பேக் கிடையாது. ஐந்துமே பெரியவர்கள் பாதுகாப்பில் பூஜ்ஜிய நட்சத்திரம் வாங்கின. செய்திகள் அந்தப் பூஜ்ஜியத்தோடு நின்றுவிட்டன. அறிக்கைக்குள் அதைவிட முக்கியமான ஒரு வித்தியாசம் இருந்தது. ஃபிகோ, போலோ இரண்டிலும் ஆட்கள் உட்காரும் கூண்டு உருக்குலையாமல் நின்றிருந்தது. மற்ற மூன்றிலும் கூண்டே மடங்கிப்போயிருந்தது. அந்த மூன்றில் ஏர்பேக் வைத்தாலும் பெரிய பலன் இருக்காது என்று சோதித்தவர்களே சொன்னார்கள். போலோவை இரண்டு ஏர்பேக்குகளோடு மறுபடி மோதவிட்டபோது நான்கு நட்சத்திரம் கிடைத்தது.

பத்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஷோரூமில் மைலேஜுக்கு அடுத்தபடியாக இப்போது ‘எத்தனை ஏர்பேக்?’ என்று கேட்கிறோம். நல்ல முன்னேற்றம்தான். ஆனால் அந்தக் கேள்வி மூன்றாவதாக வரவேண்டியது. முதலில் கூண்டு, அடுத்து சீட் பெல்ட், அதற்கப்புறம்தான் பை. இந்த வரிசை புரிந்துவிட்டால் இரண்டு சின்னக் கார்களை ஒப்பிடுவது அவ்வளவு குழப்பமான வேலை இல்லை.

கூண்டு

சோதனையில் கார் மணிக்கு 64 கி.மீ. வேகத்தில் போய் மோதுகிறது. நொடிக்குக் கிட்டத்தட்ட 17.8 மீட்டர். சுமார் 16 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது ஐந்து மாடிக் கட்டடத்தின் மொட்டைமாடியிலிருந்து விழுந்தால் தரையைத் தொடும்போது இருக்கும் வேகம் அது. அந்த வேகம் முழுவதும் பத்தில் ஒரு நொடியிலோ அதைவிடக் கொஞ்சம் கூடுதலான நேரத்திலோ பூஜ்ஜியமாகிறது.

உயிர் பிழைப்பது எவ்வளவு தூரத்தில் நிற்கிறோம் என்பதைப் பொறுத்தது. எளிய கணக்கு ஒன்று: 64 கி.மீ. வேகத்தில் வரும் உடல் 20 செ.மீ. தூரத்துக்குள் நின்றால் அதன் எடையைப்போல் சராசரியாக 80 மடங்கு விசை அதன்மேல் விழும். 60 செ.மீ. கிடைத்தால் 27 மடங்கு. 80 செ.மீ. கிடைத்தால் 20 மடங்கு. பம்பரிலிருந்து டேஷ்போர்டு வரைக்குமான பகுதி நசுங்குவதற்கென்றே கட்டப்பட்டிருப்பது இந்தச் சில செ.மீ.களைச் சம்பாதிக்கத்தான். விபத்தான காரின் மூக்கு அப்பளமாக நொறுங்கிக் கிடப்பதைப் பார்த்து ‘என்ன காரு இது, இப்படி நொறுங்கிடுச்சு’ என்று சொல்வது வழக்கம். மூக்கு நொறுங்கி, நான்கு கதவும் கையால் திறக்க முடிகிறது என்றால் அந்தக் கார் தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது.

சின்னக் காருக்கு இதில்தான் நெருக்கடி. 4 மீட்டர் நீளத்துக்குள், பெட்ரோல் எஞ்சின் 1200 சிசிக்குள், டீசல் 1500 சிசிக்குள் இருந்தால் வரி குறைவு. 2025 செப்டம்பர் 22 முதல் இந்த எல்லைக்குள் இருப்பவற்றுக்கு 18 சதவீத ஜிஎஸ்டி, தாண்டினால் 40 சதவீதம். அதனால் விற்பனையாகும் கார்களில் பெரும்பகுதி 4 மீட்டருக்குள்ளேயே வந்து நிற்கிறது. அந்த நீளத்துக்குள் ஐந்து பேரின் முழங்காலுக்கு இடம் வேண்டும், டிக்கி வேண்டும், எஞ்சின் வேண்டும். நசுங்குவதற்கு மிஞ்சுவது கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்தை எவ்வளவு சாமர்த்தியமாக நசுங்கவிடுகிறார்கள், அதற்குப் பின்னால் இருக்கும் கூண்டை எவ்வளவு உறுதியாக நிறுத்துகிறார்கள் என்பதில்தான் ஒரு சின்னக் காருக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசம் வருகிறது.

சோதனைச் சுவரும் நேரானதல்ல. காரின் அகலத்தில் 40 சதவீதம் மட்டும், ஓட்டுநர் பக்கமாக, தேன்கூடு போன்ற அலுமினியத் தடுப்பில் போய் இடிக்கும். இருவழிச் சாலையில் ஓவர்டேக் பண்ண ஏறி, எதிரே வந்த வண்டியிடமிருந்து கடைசி நொடியில் ஒதுங்க முயன்றும் முடியாமல் போகும் மோதல் இப்படித்தான் இருக்கும். முழு முகமும் மோதினால் பானெட்டுக்குக் கீழே இருக்கும் இரண்டு நீளச் சட்டங்களும் சுமையைப் பங்கு போட்டுக்கொள்ளும். ஒரு பக்கம் மட்டும் மோதும்போது ஒற்றைச் சட்டம்தான் தாங்க வேண்டும். அது தாங்காவிட்டால் முன்சக்கரம் பின்னோக்கி வந்து ஓட்டுநரின் கால் வைக்கும் இடத்தைக் கிழிக்கும், முன்கண்ணாடி ஓரத்துத் தூணான ஏ-பில்லர் முழங்கை மாதிரி மடங்கும். சோதனை அறிக்கையில் கூண்டு நிலையானது, நிலையற்றது என்று ஒரு வரி இருக்கும். கால் வைக்கும் இடத்துக்குத் தனியாக இன்னொரு வரி. நட்சத்திரத்தைப் பார்ப்பதற்கு முன்னால் இந்த இரண்டு வரிகளையும் தேடிப் படியுங்கள். நிலையற்றது என்றால், அந்தக் கூண்டு இதற்குமேல் ஒரு சுமையையும் தாங்காத விளிம்பில் இருந்தது என்று அர்த்தம்.

கதவைத் தட்டிப்பார்த்து ‘தகரம் கனமா இருக்கு’ என்று முடிவு கட்டும் பழக்கம் இன்னும் போகவில்லை. வெளித்தகடு பெரும்பாலும் எல்லாக் காரிலும் ஒரு மில்லிமீட்டருக்கும் மெல்லியதுதான். மோதலில் அதற்குப் பெரிய பங்கு இல்லை. தாங்குவது உள்ளே மறைந்திருக்கும் பில்லர்கள், கதவுக்குக் கீழே ஓடும் சட்டம், கதவுக்குள்ளே குறுக்கே போகும் கம்பி, டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் குறுக்குச் சட்டம். நல்ல வடிவமைப்பில் இவற்றைப் போரான் கலந்த எஃகில் செய்வார்கள். தகட்டை 900 டிகிரி செல்சியஸுக்கு மேல் சிவக்கக் காய்ச்சி, அச்சுக்குள் வைத்து அழுத்தும்போதே குளிரவைப்பார்கள். அந்த நொடியில் எஃகின் உள்ளமைப்பே மாறி, அதன் இழுவலிமை 1500 மெகாபாஸ்கல் அளவுக்கு ஏறுகிறது. சாதாரணத் தகட்டைப்போல் நான்கைந்து மடங்கு. காரின் எடையைத் தராசில் பார்த்தோ தட்டும் சத்தத்தை வைத்தோ இது தெரியாது.

பெல்ட்

கூண்டு நின்றாலும் உள்ளே இருக்கும் மனிதர் அதே 64 கி.மீ. வேகத்தில் முன்னே போய்க்கொண்டிருப்பார். அவரைப் பிடித்து நிறுத்தும் முதல் ஆள் பெல்ட். நல்ல பெல்ட்டில் இரண்டு வேலைகள் நடக்கும். மோதிய சில மில்லிநொடிகளில் சின்ன வெடிமருந்து ஒன்று வெடித்துத் தளர்ச்சியை இழுத்து, மார்போடு இறுக்கும், இது ப்ரீடென்ஷனர். இழுவிசை ஒரு எல்லையைத் தாண்டியதும் பெல்ட் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுக்கும். இது லோட் லிமிட்டர். இரண்டாவது இல்லாவிட்டால் காப்பாற்ற வேண்டிய பெல்ட்டே விலா எலும்பை முறிக்கும்.

சின்னக் கார்களில் இந்த இரண்டும் பெரும்பாலும் முன்சீட்டுக்கு மட்டும்தான் இருக்கும். விலை குறைந்த வேரியண்டில் அதுவும் ஓட்டுநர் பக்கம் மட்டுமா, இரு பக்கமுமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். பின்சீட்டின் நடுவில் தோள்வழி வரும் மூன்று முனை பெல்ட்டா, இடுப்பைச் சுற்றும் பட்டை மட்டுமா என்பதை ஷோரூமில் நீங்களே உட்கார்ந்து பாருங்கள். வெறும் இடுப்புப் பட்டையில் உடல் பாதியாக மடங்கும். வயிறும் முதுகுத்தண்டும் அடிபடும். நடு சீட்டுக்குத் தலைசாய்ப்பான் இருக்கிறதா என்றும் அதே நேரத்தில் பார்த்துவிடலாம்.

ஏர்பேக்

ஏர்பேக்குக்கு இங்கே எஸ்ஆர்எஸ் என்று பெயர் பொறித்திருப்பார்கள். அதில் முதல் எழுத்துக்குப் பொருளே ‘துணை’ என்பதுதான். பெல்ட்டுக்குத் துணை. முன்பக்கப் பை முப்பது மில்லிநொடிவாக்கில் விரிந்துவிடும். பெல்ட் போடாமல் முன்னே சரிந்துகொண்டிருக்கும் முகத்தில் அந்த வேகத்தில் பை வந்து அடித்தால் அதுவே காயம். ஸ்டியரிங்கின் நடுவுக்கும் நெஞ்சுக்கும் குறைந்தது 25 செ.மீ. இடைவெளி வேண்டும் என்பதும் இதனால்தான்.

ஆறு பை என்றால் முன்னால் இரண்டு, முன்சீட்டின் பக்கவாட்டில் இரண்டு, கூரையோரம் திரைபோல் இறங்கும் இரண்டு. கடைசியாகச் சொன்ன நான்கும் பக்கவாட்டு மோதலுக்கானவை. நேருக்கு நேர் மோதும்போது கூண்டு மடங்கினால் அவை ஒன்றும் செய்ய முடியாது. 2020 ஜனவரியில் குளோபல் என்கேப் சோதனையில் டாடா ஆல்ட்ராஸ் இரண்டே பைகளோடு ஐந்து நட்சத்திரம் வாங்கியது. அதே விதிமுறையில் 2022இல் கியா காரென்ஸ் ஆறு பைகளோடு மூன்று நட்சத்திரம் வாங்கியது. காரென்ஸ் சின்னக் கார் இல்லை என்றாலும், எண்ணிக்கை மட்டும் எதையும் சொல்லாது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடையாது.

இதைச் சொல்வதால் பக்கவாட்டுப் பைகள் வீண் என்று நினைத்துவிடக் கூடாது. பக்கவாட்டில் நசுங்குவதற்கு இடமே இல்லை. உங்கள் தோளுக்கும் கதவின் வெளித்தகட்டுக்கும் நடுவில் ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூடத்தான் இருக்கும். கம்பச் சோதனை என்று ஒன்று இருக்கிறது. மணிக்கு 29 கி.மீ. வேகத்தில் காரைப் பக்கவாட்டாகக் கொண்டுபோய் 25 செ.மீ. விட்டமுள்ள இரும்புக் கம்பத்தில், ஓட்டுநரின் தலைக்கு நேராக, இடிப்பார்கள். 29 கி.மீ. சைக்கிளைவிடக் கொஞ்சம்தான் வேகம். ஆனால் திரைப்பை இல்லாவிட்டால் தலை நேராகக் கம்பத்தில் மோதும். நம் பழைய மாவட்டச் சாலைகளின் இருபுறமும் நிற்கும் புளியமரங்களை நினைத்துக்கொண்டால் இந்தச் சோதனை ஏன் வேண்டும் என்று தனியாக விளக்கத் தேவையில்லை.

ஆறு பைகளைக் கட்டாயமாக்கும் வரைவு 2022 ஜனவரியில் வந்தது, அக்டோபர் 2023க்குத் தள்ளிப்போனது, கடைசியில் கட்டாயமாக்கவில்லை என்று அமைச்சர் நிதின் கட்கரி அறிவித்தார். சட்டப்படி இன்றும் முன்பக்க இரண்டு பைகள்தான் கட்டாயம். மற்றவை போட்டியால் வந்தவை.

ஸ்கிட் ஆகும் காரை நேர்ப்படுத்தும் ஈஎஸ்சி பற்றி ஷோரூமில் யாரும் தானாகப் பேசுவதில்லை. மழையில் நாய் குறுக்கே வந்து ஸ்டியரிங்கை வெட்டி ஒடிக்கும்போது காரின் பின்புறம் சுழலத் தொடங்கும். ஈஎஸ்சி அந்தச் சுழற்சியை உணர்ந்து, எந்தச் சக்கரத்தைப் பிடித்தால் கார் நேராகுமோ அந்த ஒரு சக்கரத்துக்கு மட்டும் பிரேக் போடும். மனிதக் காலால் முடியாத காரியம் அது. 2019 ஏப்ரலுக்குப் பிறகு எல்லாக் காரிலும் இருக்கும் ஏபிஎஸ், பிரேக் அடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும்; சுழல்வதைத் தடுக்காது. சன்ரூஃபா, ஈஎஸ்சியா என்று வேரியண்ட் தேர்வில் தயங்கினால் கண்ணை மூடிக்கொண்டு ஈஎஸ்சியை எடுங்கள்.

நட்சத்திரத்தைப் படிக்கும் விதம்

முதலில் தேதி. 2022 ஜூலைக்கு முன்பு குளோபல் என்கேப் பெரியவர்களுக்கான மதிப்பெண்ணை நேர்மோதலை வைத்து மட்டுமே கொடுத்தது. அதற்குப் பிறகு பக்கவாட்டு மோதல், கம்பம், ஈஎஸ்சி, பாதசாரி பாதுகாப்பு எல்லாம் சேர்ந்துகொண்டன. மாருதி ஸ்விஃப்ட் 2018இல் இரண்டு நட்சத்திரம் வாங்கியது. 2022 டிசம்பரில் ஒன்று. ஆகவே 2021இன் நான்கு நட்சத்திரத்தையும் 2025இன் நான்கு நட்சத்திரத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில் அர்த்தமில்லை.

நம் நாட்டுத் திட்டமான பாரத் என்கேப் 2023 அக்டோபர் 1இல் நடைமுறைக்கு வந்தது. நிறுவனங்கள் விரும்பினால் மட்டும் காரைக் கொடுக்கலாம். அதனால் சோதனைக்கே வராத கார் பாதுகாப்பற்றது என்று சொல்லிவிட முடியாது; பாதுகாப்பானது என்று நம்பவும் முடியாது. பெரியவர்களுக்கு 32 புள்ளி: நேர்மோதலுக்கு 16, மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் நகரும் தடுப்பு வந்து மோதும் பக்கவாட்டுச் சோதனைக்கு 16. ஐந்து நட்சத்திரத்துக்கு 27 வேண்டும். குழந்தைகளுக்கு 49இல் 41. கூடவே மூன்று நட்சத்திரமோ அதற்கு மேலோ வேண்டுமானால் ஈஎஸ்சி இருக்க வேண்டும், கம்பச் சோதனையிலும் தேற வேண்டும்.

அரசு சொல்லும் குறைந்தபட்ச விதிக்கு நேர்மோதல் வேகம் 56 கி.மீ.; நட்சத்திரச் சோதனைக்கு 64. எட்டு கி.மீ. சின்ன வித்தியாசம் போலத் தெரியும். ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தில் ஏறுவதால் அது 30 சதவீதம் அதிகம். இதே கணக்கில் 100 கி.மீ. வேகத்தில் ஆற்றல் 64இல் இருப்பதைப்போல் கிட்டத்தட்ட இரண்டரை மடங்கு. ஐந்து நட்சத்திரம் இந்த வேகத்துக்கு எந்த உத்தரவாதமும் தரவில்லை.

எடையும் முக்கியம். தடுப்பில் மோதும் சோதனை, தன் எடையுள்ள இன்னொரு காரோடு மோதுவதற்கு ஈடானது. 900 கிலோ காரின் ஐந்து நட்சத்திரமும் 1700 கிலோ காரின் ஐந்து நட்சத்திரமும் ஒன்றல்ல. இரண்டும் எதிரெதிரே மோதினால் இலேசான கார்தான் பின்னோக்கித் தள்ளப்படும். நிறுத்தியிருக்கும் லாரிக்குப் பின்னால் போய்ச் செருகிக்கொள்வது இன்னும் மோசம். பம்பரும் நீளச் சட்டங்களும் லாரியின் தளத்துக்குக் கீழே நுழைந்துவிடும். முதல் அடியே கண்ணாடிக்கும் ஏ-பில்லருக்கும் விழும். நசுங்கும் பகுதி வேலையே செய்யாது. ‘ஏர்பேக் ஓப்பன் ஆகல’ என்று வரும் புகார்களுக்கு இதுவும் ஒரு காரணம்: சென்சார் எதிர்பார்க்கும் அதிர்ச்சி அது எதிர்பார்க்கும் இடத்தில் விழவில்லை.

பின்சீட்டும் குழந்தையும்

பலரும் கவனிக்காத ஒன்று: இந்த நேர்மோதல் சோதனையில் பின்சீட்டில் உட்காருவது ஒன்றரை வயது, மூன்று வயதுக் குழந்தைகளின் பொம்மைகள். பெரிய ஆளின் பொம்மை முன்சீட்டில் மட்டும்தான். பின்னால் உட்காரும் அப்பா அம்மாவைப் பற்றி நட்சத்திரம் நேரடியாக எதுவும் சொல்வதில்லை. அவர்களுக்கு இருப்பது பெல்ட் ஒன்றே. பின்னால் பெல்ட் போடாதவர் தன் உயிரை மட்டுமல்ல, முன்னால் இருப்பவரின் சீட்டில் முழு எடையோடு வந்து விழுந்து அவரையும் சேர்த்து நசுக்குவார். 2025 ஏப்ரல் முதல் வரும் கார்களில் பின்சீட்டுக்கும் பெல்ட் எச்சரிக்கை ஒலி கட்டாயம். அந்த ஒலியை ஏமாற்ற வெறும் கொக்கியை வாங்கிச் செருகுகிறவர்கள் இருக்கிறார்கள். 2023 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஐந்து இணைய வணிகத் தளங்களை அந்தக் கொக்கிகளை நீக்கச் சொல்லி உத்தரவிட்டது.

குழந்தையை மடியில் வைத்துக்கொள்வதுதான் நம் வழக்கம். மேலே போட்ட கணக்கில் 27 மடங்கு என்றால், 10 கிலோ குழந்தை அந்தக் கணத்தில் 270 கிலோவாக இழுக்கும். எந்தத் தாயின் கையும் அதைப் பிடித்து நிறுத்தாது. மாருதி வேகன்ஆர், ஆல்டோ கே10 இரண்டும் 2023இல் சோதிக்கப்பட்டபோது பெரியவர்களுக்கு ஒன்று, இரண்டு நட்சத்திரம். குழந்தைகள் பாதுகாப்பில் இரண்டுமே பூஜ்ஜியம். ஆகவே இரண்டு மதிப்பெண்களையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் பின்சீட்டு முதுகுக்கும் அடிக்கும் நடுவே கைவிட்டு, குழந்தை இருக்கையை மாட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கிகள் தட்டுப்படுகிறதா பாருங்கள். அந்த இருக்கையின் மேல்பட்டையை மாட்டும் இடம் சீட்டுக்குப் பின்னால் இருக்க வேண்டும். குழந்தை இருக்கையை முடிந்தவரை நீண்ட காலம், குறைந்தது 15 மாதம் வரை, பின்னோக்கியே வைக்க வேண்டும். பின்னோக்கிய இருக்கையை ஏர்பேக் அணைக்கப்படாத முன்சீட்டில் வைக்கவே கூடாது. பை விரியும் வேகம் இருக்கையின் முதுகில், குழந்தையின் தலைக்குப் பின்னால் விழும். 14 வயதுக்குட்பட்ட குழந்தையைப் பெல்ட்டோ இருக்கையோ இல்லாமல் கூட்டிப்போனால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவில் 1000 ரூபாய் அபராதமும் உண்டு.

வாங்கிய பிறகு நாமே கெடுப்பவை

புதுக் காருக்குப் பூஜை போட்ட கையோடு டேஷ்போர்டில் பிள்ளையார் சிலையை ஒட்டுகிறோம். இடது பக்கம் ஏர்பேக் என்று எழுதியிருக்கும் மூடியின் மேலோ அதன் விளிம்பிலோ ஒட்டினால், பை விரியும்போது மூடி கிழிந்து சிலை நேராக முகத்துக்கு வரும். சிலையை நடுவில், மூடியின் கோட்டுக்கு வெளியே வையுங்கள். சீட்டின் பக்கவாட்டில் ஏர்பேக் என்ற லேபிள் இருந்தால் அந்தத் தையல் பிரிந்துதான் பை வெளியே வர வேண்டும். கெட்டியான ரெக்சின் கவரை இழுத்துத் தைத்தால் பை தாமதமாக வரும், அல்லது தப்பான திசையில் வரும். பக்கவாட்டுப் பைக்கென்று தையல் விட்ட கவர் கிடைக்கிறது. முன்னால் இரும்புக் கார்டு மாட்டுவது இன்னும் பெரிய தவறு: சட்டத்தில் நேராக போல்ட் போட்ட இரும்பு, நசுங்க வேண்டிய பகுதியை நசுங்கவிடாது, சென்சார் அளக்கும் அதிர்ச்சியையும் மாற்றிவிடும். அவற்றின் மீது நடவடிக்கை எடுக்கச் சொல்லி மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதியிருக்கிறது.

பெரிதாக இடித்த காரைப் பட்டறையில் விட்டால் டிங்கரிங் வேலைக்காரர் கேஸ் வைத்துச் சூடாக்கி, இழுத்து நிமிர்த்துவார். கதவுக்கும் பம்பருக்கும் அது சரி. போரான் எஃகு பில்லரை அப்படிச் சூடாக்கினால், அச்சுக்குள் குளிரவைத்துப் பெற்ற வலிமை போய்விடும். பெயிண்ட் அடித்தபிறகு பார்த்தால் புதுசு மாதிரியே இருக்கும். பில்லர் வளைந்திருந்தால் நிறுவனம் சொல்லும் இடத்தில் வெட்டி, புதுத் துண்டை மாற்ற வேண்டும். காப்பீட்டு மதிப்பீட்டாளரிடம் ‘மாற்றா, நிமிர்த்தலா’ என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

பழைய கார் வாங்குகிறவர்கள் சாவியை ஆன் நிலைக்குத் திருப்பி, எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல், மீட்டரில் ஏர்பேக் விளக்கைப் பார்க்க வேண்டும். எரிந்து, சில நொடிகளில் அணைய வேண்டும். அணையாமல் நின்றால் கோளாறு. ஹாரனும் சேர்ந்து வேலை செய்யவில்லை என்றால் பெரும்பாலும் ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் க்ளாக் ஸ்பிரிங் என்ற சுருள் ஒயர் அறுந்திருக்கும், மாற்றிவிடலாம். விளக்கு எரியவே இல்லை என்றால்தான் கவலைப்பட வேண்டும்: பை விரிந்த பிறகு புதிது போடாமல், விளக்கைத் துண்டித்து, மூடியை மட்டும் மாற்றியிருக்கலாம். பை இருப்பதுபோல் ஏமாற்ற, சர்க்யூட்டில் ரெசிஸ்டர் போட்டு விளக்கை ஒழுங்காக அணைய வைக்கிறவர்களும் உண்டு. அதனால் ஸ்கேனர் வைத்துப் பழைய பிழைக் குறியீடுகளைப் படித்துப் பார்க்க வேண்டும். முன்பெல்ட்டை முழு நீளமும் வெளியே இழுத்துப் பாருங்கள். பட்டையில் மழமழப்பான, உருகி இறுகியது போன்ற கோடு தெரிந்தாலோ, கொக்கி வளையத்தின் பிளாஸ்டிக் தேய்ந்திருந்தாலோ, அந்தப் பெல்ட் ஒரு மோதலில் ஆளைத் தாங்கியிருக்கலாம். பட்டையின் அடியில் இருக்கும் தயாரிப்புத் தேதியைக் காரின் ஆண்டோடு ஒப்பிட்டால், மாற்றினார்களா இல்லையா என்பதும் தெரிந்துவிடும்.